கணிதத்தையும் பௌதிகத்தையும் துருவிப் பார்க்கும் திறந்த மூல மென்பொருள்கள்

கணிதத்திலும் பௌதிகத்திலும் மாணவர் தாமே துருவிப் பார்ப்பதற்கென்று எழுதப்பட்ட மென்பொருள்கள் தனி வகையைச் சேர்ந்தவை. பாடத்தைத் திரையில் ஓடவிட்டு, கேள்வி கேட்டு, சரி பிழை போடுபவை இதில் அடங்கா. ஒரு வட்டம், ஒரு சார்பின் வரைபு, ஓர் ஊசல், ஒரு மின்சுற்று என்று ஏதோ ஒன்றை மாணவர் கையில் கொடுத்து, அதன் அளவுகளை மாற்ற விட்டு, விளைவைக் கணித்துக் காட்டுவதே இவற்றின் வேலை. ஜியோஜீப்ரா, ஃபெட், ஸ்டெப், ட்ராக்கர், மாக்சிமா, எக்ஸ்ப்ஐஸ் ஆகியவை இவ்வகையில் பெயர்பெற்றவை. இவற்றின் மூலநிரலை எவரும் வாசிக்கலாம், பிரதி எடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் கொடுக்கலாம். இந்த உரிமைகளை எழுத்தில் உறுதிசெய்யும் உரிமங்களில் மிகப் பரவலானது குனூ பொது உரிமம். அதன் முதற் பதிப்பை 1989 இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்டார்.

இலவசமாகக் கிடைப்பதைவிடப் பிரதி எடுக்கும் உரிமையே கிராமப் பாடசாலைகளுக்குப் பெரிது. உதாரணமாக, வட்டக்கச்சி வட இலங்கையில் கிளிநொச்சி நகருக்குக் கிழக்கே இரணைமடுக் குளத்து நீரை நம்பி வயல் செய்யும் ஊர். 2009 இல் போர் முடிந்து மக்கள் மீளக் குடியமர்ந்தபோது, அவ்வூர் அமைந்த வன்னிப் பகுதிப் பாடசாலைகள் பலவற்றில் கட்டடம் முதற்கொண்டு ஆய்வுகூடம் வரை எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. இப்படியான இடத்தில் ஒரு மென்பொருளை ஒருமுறை தரவிறக்கிப் பென்ட்ரைவில் கொண்டுவந்தால், பாடசாலைக் கணினிகள் அனைத்திலும் பதியலாம், மாணவர் வீட்டுக்கும் கொடுத்துவிடலாம். இணைய இணைப்பு, பயனர் கணக்கு, ஆண்டுச் சந்தா எதுவும் குறுக்கே வராது. 2022 இல் டொலரின் விலை சில வாரங்களுக்குள் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியபோது, டொலரில் விலை குறிக்கப்பட்ட மென்பொருள்கள் எல்லாமே அதே விகிதத்தில் எட்டாத உயரத்துக்குப் போயின. திறந்த மூல மென்பொருள்களை அந்த ஏற்றம் தொடவே இல்லை.

இவற்றுள் பாடசாலைக் கணிதத்துக்கு மிக நெருக்கமானது ஜியோஜீப்ரா. ஒஸ்திரியாவின் சால்ஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் 2001 இல் முதுமாணி ஆய்வாகத் தொடங்கிய வேலை இது. 2002 இல் வெளியாகி, அதே ஆண்டில் ஐரோப்பியக் கல்வி மென்பொருள் விருதையும் பெற்றது. அதுவரை கேத்திரகணிதத்துக்கு ஒரு மென்பொருள், அட்சரகணிதத்துக்கு இன்னொரு மென்பொருள் என்றுதான் நிலைமை இருந்தது. ஹோஹென்வார்ட்டர் இரண்டையும் ஒரே திரையில் கட்டினார். இடப்பக்கம் சமன்பாடு, வலப்பக்கம் உருவம். உருவத்தைச் சுட்டியால் இழுத்தால் சமன்பாடு மாறும். சமன்பாட்டில் ஓர் எண்ணைத் திருத்தினால் உருவம் நகரும்.

இழுத்தல் எவ்வளவு வலிமையான செயல் என்பதற்குச் சாதாரண தரத்து வட்டத் தேற்றம் ஒன்றே போதும். ஒரு வட்டம் வரைந்து, பரிதியில் அ, ஆ, இ, ஈ என்ற நான்கு புள்ளிகளை ஒழுங்காகக் குறித்து, அவற்றைச் சேர்த்து வட்ட நாற்பக்கல் ஒன்றை அமைக்க வேண்டும். அ, இ ஆகிய உச்சிகளின் கோணங்களை அளந்து அவற்றின் கூட்டுத்தொகையையும் திரையில் காட்டச் செய்தால் 180 பாகை வரும். இ என்ற புள்ளியைப் பரிதி வழியே இழுத்துச் சென்றால் புள்ளி நகர்கிறதே ஒழிய அங்கே கோணம் மாறுவதில்லை. கூட்டுத்தொகை 180 இலேயே நிற்கிறது. (முதன்முதலில் செய்பவருக்கு 112 பாகைக்குப் பதிலாக 248 பாகை என்று திரையில் தோன்றிக் குழப்புவதுண்டு. கோணத்தை எப்போதும் இடஞ்சுழியாக அளப்பது ஜியோஜீப்ராவின் வழக்கம். கோணத்தின் அமைப்பில் 0 முதல் 180 வரை என்று தெரிவுசெய்தால் சரியாகிவிடும்.)

இழுப்பதை அங்கே நிறுத்தக்கூடாது. இ என்ற புள்ளி ஈ ஐத் தாண்டி அப்பால் போகும் கணத்தில் நாற்பக்கலின் பக்கங்கள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. கூட்டுத்தொகை 180 ஐ விட்டுக் குதித்துவிடுகிறது. தேற்றம் பொய்த்துவிட்டதா? இரு கோணங்களையும் தனித்தனியே பார்த்தால் அவை இப்போது ஒன்றுக்கொன்று சமனாக இருக்கும். அ இலும் இ இலும் உள்ள கோணங்கள் இரண்டும் ஆஈ என்ற ஒரே நாணின்மீது எதிரமைபவை. புள்ளிகள் நாணின் இருபுறமும் இருந்தபோது கூட்டுத்தொகை 180. ஒரே புறம் வந்ததும் அவை ஒரே துண்டத்துக் கோணங்களாகிச் சமனாகின்றன. பாடநூலில் வெவ்வேறு பக்கங்களில் வெவ்வேறு நிறுவலோடு படித்த இரண்டு தேற்றங்கள், ஒரே உண்மையின் இரண்டு நிலைகளாகக் கண்முன்னே இணைகின்றன. கொப்பியில் வரைந்த படம் அசையாதது. அதில் இதைக் காண வழியில்லை. ஆனால் திரையில் கண்டது நிறுவல் ஆகாது என்பதையும் அதே பாடவேளையிலேயே சொல்லிவிட வேண்டும். ஆயிரம் நிலைகளில் சரியாக வந்தது, ஆயிரத்தோராவது நிலையிலும் ஏன் சரியாக வரவேண்டும் என்பதற்குக் காகிதமும் பேனையுமே பதில் சொல்லும்.

உயர்தர இணைந்த கணிதத்தில் வகையிடலைக் கொண்டு உயர்வு, இழிவு காணும் கணக்குகள் வருகின்றன. வட்டக்கச்சி மாணவருக்கு அதற்கான உதாரணம் வயலோரத்திலேயே ஓடுகிறது. கொங்கிறீற் பூசிய வாய்க்கால் ஒன்றின் குறுக்குவெட்டில் அடியும் இரு பக்கங்களும் சேர்ந்து 6 மீற்றர் நீளம் என்று வைத்துக்கொண்டால், எந்த வடிவில் மிகக் கூடிய நீர் போகும்? செவ்வக வாய்க்காலானால் ஆழத்தை ஒரு ஸ்லைடராக அமைத்து நகர்த்தலாம். ஆழம் 1 மீற்றரில் பரப்பு 4 சதுர மீற்றர். 2 மீற்றரிலும் அதே 4. இடையில் 1.5 மீற்றரில் 4.5 என்ற உச்சம். அகலம் ஆழத்தைப் போல் இரு மடங்காகும் இடம் அது. இதை வகையிட்டும் பெறலாம். ஆனால் ஸ்லைடரை நகர்த்தும் மாணவர், உச்சத்துக்கு அருகே பரப்பு அசைவில்லாமல் நிற்பதையும் காண்கிறார். 1.4 மீற்றரில்கூட 4.48 தான். பெறுதி பூச்சியம் என்பதன் பொருள் அங்கே கண்ணுக்குத் தெரிகிறது. அதோடு, மண்வெட்டி பிடிப்பவர் ஆழத்தில் ஒரு சாண் தவறவிட்டாலும் வாய்க்கால் பெரிதாக நட்டப்படாது என்பதும் விளங்குகிறது.

பக்கங்களைச் சரிக்க இன்னொரு ஸ்லைடர் சேர்த்தால் கணக்கு இன்னும் சுவையாகும். அடியும் இரு பக்கங்களும் தலா 2 மீற்றராகவும், பக்கங்கள் கிடையுடன் 60 பாகை சாய்ந்தும் நிற்கும்போது பரப்பு ஏறத்தாழ 5.2 சதுர மீற்றர் ஆகிறது. ஒழுங்கான அறுகோணியின் பாதி அது. அரைவட்டமாக வளைத்தால் 5.73. அப்படியிருந்தும் மண் வாய்க்கால்களின் கரை இவற்றைவிடப் படுத்தே வெட்டப்படுகிறது. 60 பாகைச் சரிவில் ஈரமண் நில்லாது, கரை சரிந்து விழும். கணிதம் சொல்லும் சிறந்த வடிவத்துக்கும் மண் அனுமதிக்கும் வடிவத்துக்கும் இடையில் நின்று முடிவெடுப்பது நீர்ப்பாசனப் பொறியியலாளரின் தொழில். கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடத்துக்குப் போக எண்ணும் ஒருவருக்கு இந்தக் கணக்கு நல்ல தொடக்கம்.

ஜியோஜீப்ராவின் உரிமத்தைப் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அதன் மூலநிரல் திறந்த மூல உரிமத்தின் கீழ் உள்ளது. பதிகைக் கோப்புகளும் மொழிக் கோப்புகளும் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டுமே இலவசம். 2021 இறுதியில் இந்தியாவின் பைஜூஸ் நிறுவனம் ஜியோஜீப்ராவை வாங்கியது. பின்னர் பைஜூஸே பெரும் நிதிச் சிக்கலில் விழுந்தது. பாடசாலைகள் நம்பியிருக்கும் ஒரு கருவி இவ்வாறு கைமாறும்போது, ஏற்கெனவே வெளிவிட்ட மூலநிரலை எவராலும் திரும்பப் பெற முடியாது என்பதே காப்பு. முழுக்கத் திறந்த மாற்று வேண்டுமானால் கேடீஈ என்ற திறந்த மூல மென்பொருள் குழுவின் கிக் என்ற கேத்திரகணித மென்பொருளும், வரைபுகளுக்குக் கேஎம்புளொட்டும் உள்ளன. அழகிலும் வசதியிலும் அவை ஜியோஜீப்ராவுக்குச் சற்றுப் பிந்தியவை. ஆனாலும் பழைய கணினிகளில் தடையின்றி ஓடும்.

குறியீட்டுக் கணிதத்துக்கு மாக்சிமா இருக்கிறது. வகையிடல், தொகையிடல், காரணிப்படுத்தல் எல்லாவற்றையும் எண்ணாக அன்றிக் குறியீடாகவே செய்து தரும். இதன் வேர் 1968 இல் எம்.ஐ.டி.யில் தொடங்கிய மாக்சைமா என்ற பழைய முறைமை. அதன் ஒரு பிரதியை 1982 முதல் தனியொருவராகப் பேணிவந்த வில்லியம் ஷெல்ட்டர், அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் அனுமதி பெற்று 1998 இல் அதைப் பொது உரிமத்தில் வெளியிட்டார். 2001 இல் அவர் காலமானார். அவர் தொடங்கியதை உலகெங்கும் உள்ள தொண்டர்கள் இன்றுவரை கொண்டுசெல்கிறார்கள். மூலநிரல் திறந்திராவிட்டால் அந்த வேலை அவரோடு முடிந்திருக்கும்.

பௌதிகத்துக்கு வந்தால் முதலில் நிற்பது ஃபெட். 2001 இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், அடுத்த ஆண்டே கொலராடோ பல்கலைக்கழகத்தில் இதைத் தொடங்கினார். மின்சுற்று, அலை, ஒளிமுறிவு, அமுக்கம், எறியம் என்று தலைப்புக்கு ஒன்றாக, நிகழ்வைத் திரையில் போலச் செய்துகாட்டும் சிறு சிறு பாவனைகள். புதிய வடிவிலுள்ளவை ஒவ்வொன்றும் ஒரே கோப்பாகத் தரவிறங்கும். இணையம் இல்லாமலே எந்த உலாவியிலும் ஓடும். தமிழிலும் பல பாவனைகள் கிடைக்கின்றன. மின்குமிழ், கலம், கம்பி ஆகியவற்றை இழுத்து இணைத்துச் சுற்று அமைக்கும் பாவனையில் இலத்திரன்கள் நகர்வது புள்ளிகளாகத் தெரியும். குறுஞ்சுற்று உண்டாக்கினால் திரையில் தீப்பற்றும், எவருக்கும் காயம் வராது. ஊசல் பாவனையில் நீளம், திணிவு, வீச்சம், புவியீர்ப்பு என நான்கையும் மாற்றலாம். திணிவை மாற்றினால் அலைவு காலம் மாறாது. வீச்சத்தை மாற்றினாலும் மாறாது என்றுதான் பாடநூல் சொல்கிறது. 10 பாகை வரை அது ஏறக்குறைய உண்மை. 60 பாகையில் அலைவு காலம் 7 வீதத்துக்கு மேலும், 90 பாகையில் 18 வீதமும் கூடிவிடுகிறது. சிறிய கோணங்களுக்கு மட்டும் என்று பாடநூலில் ஒரு வரியில் வந்துபோகும் நிபந்தனை எதற்கு என்பது அப்போதுதான் உறைக்கும்.

இந்தப் பாவனைகள் திரையில் எப்படி அசைகின்றன என்ற கேள்வியே திறந்த மூலத்தின் சாரத்துக்குக் கொண்டுசெல்கிறது. கணினிக்கு ஊசலைப் பற்றி ஒன்றும் தெரியாது. நேரத்தைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் விசையிலிருந்து ஆர்முடுகலையும், ஆர்முடுகலிலிருந்து புதிய வேகத்தையும், வேகத்திலிருந்து புதிய இடத்தையும் கூட்டிக்கொண்டே போகிறது. இதற்கு மிக எளிய வழி ஒயிலர் முறை. பைதன் மொழியில் பத்து வரிகளுக்குள் எழுதிவிடலாம். 1 மீற்றர் நீள ஊசலை 5 பாகை விலக்கி, துண்டொன்று 0.01 செக்கன் என்று வைத்து ஓடவிட்டால் விபரீதம் ஒன்று நடக்கும். ஊசலின் வீச்சம் தானாகவே பெருகும். 10 செக்கனில் ஏறத்தாழ 8 பாகை. அரை நிமிடத்தில் 20 பாகையையும் தாண்டிவிடும். எவரும் தள்ளாத ஊசலுக்குச் சக்தி எங்கிருந்து வந்தது? கணிப்பு முறையின் வழுவிலிருந்து. ஒவ்வொரு படியிலும் சக்தி ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுகிறது. ஆயிரம் படிகளில் அது இரண்டரை மடங்கையும் மீறிவிடுகிறது.

இதற்கான மருந்து வியக்கத்தக்க அளவுக்கு எளிது. பழைய வேகத்தைக் கொண்டு இடத்தைக் கணிப்பதற்குப் பதிலாக, முதலில் வேகத்தைப் புதுப்பித்து, அந்தப் புதிய வேகத்தைக் கொண்டு இடத்தைக் கணித்தால் போதும். இரண்டு வரிகளின் ஒழுங்கை மாற்றியதும் ஊசல் அடங்கி ஒழுங்காக ஆடும். 1981 இல் இந்த முறையை ஆராய்ந்து அமெரிக்கப் பௌதிக ஆய்விதழ் ஒன்றில் எழுதிய அலன் குறோமர், இதை முதலில் கண்டது ஓர் உயர்நிலைப் பாடசாலை மாணவி என்று பதிவு செய்திருக்கிறார். நிரலில் வரிகள் இடம்மாறி விழுந்தபோது விடை கெடுவதற்குப் பதிலாகத் திருந்தியதை அவர் கவனித்தார். மூடிய மென்பொருளில் மாணவர் காண்பது ஆடும் ஊசலை மட்டுமே. அதை ஆட்டும் வரிகளைக் காண முடியாது. கேடீஈ குழுவுக்காக விளாடிமிர் குஸ்னெட்சோவ் 2007 இல் எழுதத் தொடங்கிய ஸ்டெப் என்ற பௌதிகப் பாவனையாக்கியில், துணிக்கை, விற்சுருள், கயிறு எல்லாவற்றையும் மாணவரே வரைந்து ஓடவிடலாம். எந்தக் கணிப்பு முறை வேண்டும், ஒயிலரா, இன்னும் நுட்பமான ரங்கே-குட்டாவா என்பதையும் அவரே தெரிவு செய்யலாம். ஒரே அமைப்பை இரு முறைகளிலும் ஓடவிட்டு மொத்தச் சக்தியின் வரைபை ஒப்பிட்டால், மேற்சொன்ன பாடம் அரை மணி நேரத்தில் முடியும்.

பாவனை எவ்வளவு நுட்பமானாலும், அதில் இருப்பது எழுதியவர் உள்ளே வைத்த பௌதிகம் மட்டுமே. இயற்கையிடம் நேரடியாகக் கேட்பதற்கு அளவீடு வேண்டும். இங்கேதான் ட்ராக்கர் பயன்படுகிறது. கலிபோர்னியாவின் கப்ரியோ கல்லூரியில் டக்ளஸ் பிறவுன் உருவாக்கிய இது, காணொளியைச் சட்டகம் சட்டகமாகப் பிரித்து, அசையும் பொருளின் இடத்தை ஒவ்வொன்றிலும் குறிக்கும். சாதாரணக் கைத்தொலைபேசி செக்கனுக்கு 30 சட்டகம் எடுப்பதால், மூன்று சட்டகம் 0.1 செக்கன். மைதானத்தில் ஒரு பந்தைக் கைவிட்டுப் படம்பிடித்தால், முதல் நான்கு 0.1 செக்கன் இடைவெளிகளில் அது விழும் தூரங்கள் ஏறத்தாழ 4.9, 14.7, 24.5, 34.3 சென்ரிமீற்றர். விகிதம் 1:3:5:7. கலிலியோ சாய்தளத்தில் உருட்டிக் கண்ட அதே ஒற்றை எண்கள்.

அளவீட்டில் கவனிக்க வேண்டியவை உண்டு. நீளத்தை ஒப்பிட வைக்கும் மீற்றர் கோல், பந்து விழும் அதே தளத்தில் நிற்க வேண்டும். கமெரா 3 மீற்றர் தூரத்தில் இருக்க, பந்து கோலைவிட 30 சென்ரிமீற்றர் முன்னால் விழுந்தால், தூரங்கள் 11 வீதம் பெரிதாகத் தெரியும். புவியீர்ப்பு ஆர்முடுகல் 10.9 என்று வந்து நிற்கும். மங்கிய வெளிச்சத்தில் பந்து கோடாக இழுபடும். எந்த நுனியைக் குறிப்பது என்று தெரியாது. வெயிலில் படம்பிடித்தால் இந்தத் தொல்லை குறையும், வன்னியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. எல்லாம் சரியாக அமைந்தாலும் 9.81 வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது பிழை. அது நடு அகலக்கோடுகளுக்குரிய எண். மத்தியகோட்டுக்கு அருகே, வட அகலக்கோடு 9.4 பாகையளவில் உள்ள கிளிநொச்சியில் புவியீர்ப்பு ஆர்முடுகல் ஏறத்தாழ 9.78. புவியின் சுழற்சியும் அதன் நடுப்பகுதி புடைத்திருப்பதுமே காரணம். கைத்தொலைபேசி அளவீட்டின் வழு இந்த வித்தியாசத்தைவிடப் பெரிது; ஆகவே கண்டுபிடிக்க முடியாது. ஆனால் கண்டுபிடிக்க எவ்வளவு நுட்பம் வேண்டும் என்று கணக்கிடுவது நல்ல பயிற்சி.

காணொளி எட்டாத வேகங்களுக்கு எக்ஸ்ப்ஐஸ். புதுடில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையிலான துகள்முடுக்கி மையத்தில் அஜித்குமார் 2004 இல் தொடங்கிய பீனிக்ஸ் திட்டத்தின் விளைச்சல் இது. உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்று கணினியின் யூஎஸ்பி துளையில் பொருந்தும். அலைவுகாட்டி, சைகைப் பிறப்பாக்கி, வோல்ட்டுமானி எல்லாம் அதற்குள். மென்பொருள் பைதனில் எழுதப்பட்டது. அதுவும் பெட்டியின் சுற்றுவரைபடமும் திறந்தவை. தனியே வாங்கினால் பாடசாலைக்கு எட்டாத அலைவுகாட்டியின் வேலையை இது மிகக் குறைந்த செலவில் செய்கிறது. பத்தாயிரம் ஓம் தடையூடாக ஒரு மைக்கிரோபரட்டுக் கொள்ளளவி இறங்கும்போது, அதன் அழுத்தவேறுபாடு 0.01 செக்கனில் 37 வீதமாகக் குறைகிறது. நிறுத்தற் கடிகாரத்தால் அதைப் பிடிக்க முடியாது. இப்பெட்டி வளைகோடாகவே வரைந்து தருகிறது. சுருள் ஒன்றினூடாகக் காந்தத்தை விழவிட்டால் திரையில் இரு முனைகள் எழும்: ஒன்று மேலே, மற்றது கீழே. இரண்டாவது முதலாவதைவிட உயரமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும். வெளியேறும்போது காந்தம் கூடிய வேகத்தில் போவதே காரணம். பரடேயின் விதி, லென்சின் விதி, சுயாதீன வீழ்ச்சி மூன்றும் ஒரே வரைபில்.

இவற்றை முறையாகப் பாடசாலைக்குள் கொண்டுவந்த பெரிய முன்னுதாரணம் கேரளம். 2001 இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம், அரசுப் பாடசாலைகளைப் படிப்படியாக முழுக்கத் திறந்த மூலத்துக்கு மாற்றியது. 2017 இல் அது கைட் என்ற அரச நிறுவனமாயிற்று. லினக்சின் ஒரு வடிவத்தில் ஜியோஜீப்ரா உள்ளிட்ட கல்வி மென்பொருள்களைச் சேர்த்தே கணினிகளுக்கு வழங்குகிறார்கள்; ஆசிரியர் பயிற்சியும் அவற்றிலேயே நடக்கிறது. மென்பொருளைவிட ஆசிரியர் பயிற்சியே அங்கே வேலையை நகர்த்தியது என்று கொள்ள இடமுண்டு. தாமாகக் கற்க விரும்புவோருக்கு, பம்பாய் ஐஐடியின் ஸ்போக்கன் டுட்டோரியல் திட்டம் தந்த பத்து நிமிடக் குறும்பாடங்கள் தமிழ்க் குரலிலும் கிடைக்கின்றன. இணையம் இல்லாத இடங்களில் பார்ப்பதற்கென்றே அவை திட்டமிடப்பட்டன.

தமிழ் இடைமுகத்தில் இலங்கை மாணவர் தடுக்கி விழும் இடம் கலைச்சொல். தமிழ்நாட்டு மொழிபெயர்ப்பாளர்கள் முடுக்கம், இயற்பியல், வடிவியல் என்று எழுதியிருக்க, வட்டக்கச்சி மாணவரின் பாடநூலில் ஆர்முடுகல், பௌதிகவியல், கேத்திரகணிதம் என்று இருக்கும். திறந்த மூலத்தில் இந்தச் சொற்கள் நிரலுக்கு வெளியே தனிக் கோப்பில் இருப்பதால், அவற்றை மாற்ற நிரலாளர் தேவையில்லை. ஃபெட் இதற்கென்று உலாவியிலேயே இயங்கும் மொழிபெயர்ப்புக் கருவி ஒன்றை வைத்திருக்கிறது. இடப்பக்கம் ஆங்கிலத் தொடர், எதிரே நிரப்ப வேண்டிய வெற்றுப் பெட்டி. சிறிய பாவனை ஒன்றில் மாற்ற வேண்டிய தொடர்கள் சில பத்துக்கு மேல் போவதில்லை. பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரும் உயர்தர மாணவர் இருவரும் ஒரு பிற்பகல் அமர்ந்தால் முடிக்கக்கூடிய வேலை. அவர்கள் அதை ஏற்றிவிட்டால், மன்னாரிலும் மட்டக்களப்பிலும் உள்ள மாணவருக்கும் அதே கோப்பு தரவிறங்கும்.